ஒரே வாசல்: ஜெர்மனியின் கல்தொழிலாளர்களும் நுரையீரல் புற்றுநோயும்

ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் ஃப்ராவன்கிர்ஷே என்ற தேவாலயம் இருக்கிறது. அதன் சுவரில் இரண்டு நிறக் கற்களைப் பார்க்கலாம். 1945 பிப்ரவரிக் குண்டுவீச்சில் இடிந்து விழுந்த அந்தக் கட்டடத்தை 1994 முதல் 2005 வரை மறுபடி எழுப்பினார்கள். இடிபாட்டிலிருந்து பொறுக்கி எடுத்து வைத்த பழைய கற்கள் கறுத்திருக்கின்றன. புதிதாக வெட்டிச் செதுக்கி வைத்தவை வெளிறிய மணல் நிறத்தில் இருக்கின்றன. இரண்டுமே எல்பே ஆற்றங்கரைக் குவாரிகளின் மணற்கல். அந்தக் கல்லின் பெரும்பகுதி குவார்ட்ஸ், அதாவது படிகச் சிலிக்கா. உளி படும்போதும் ரம்பம் ஓடும்போதும் கல்லிலிருந்து கிளம்பும் தூசியும் அதேதான்.

தேவாலயம் எழும்பிக்கொண்டிருந்த காலத்திலேயே, 2002 அக்டோபர் 1 அன்று, ஜெர்மனியின் தொழில்நோய்ப் பட்டியலில் 4112 என்ற புதிய எண் சேர்ந்தது. படிகச் சிலிக்கா தூசியால் வரும் நுரையீரல் புற்றுநோயை அது தொழில்நோயாக ஏற்றது. அந்த வரியோடு ஒரு நிபந்தனையும் வந்தது. நோயாளிக்கு சிலிகோசிஸ் என்ற நுரையீரல் தழும்பு நோயோ, அதனுடன் காசநோயும் சேர்ந்த சிலிக்கோ-காசநோயோ இருப்பது நிரூபிக்கப்பட வேண்டும். முப்பது ஆண்டுகள் கல் தூசியைச் சுவாசித்துப் புற்றுநோய் கண்ட ஒருவரின் எக்ஸ்ரேயில் சிலிகோசிஸின் அடையாளம் போதுமான அளவு தெரியவில்லை என்றால், இந்த எண்ணின் கீழ் அவருக்கு இடமில்லை.

அந்த நிபந்தனை எப்படி வந்தது, அது இன்றும் நியாயமானதா என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி. இது ஜெர்மானியர்களுக்கு மட்டுமான கேள்வியும் அல்ல. கருங்கல்லைக் குடைந்து கோயில் கட்டிய, இன்றும் கருங்கல்லை வெட்டி உலகுக்கு அனுப்புகிற தமிழ்நாட்டுக்கும் அதன் விடை தேவைப்படுகிறது.

கண்ணுக்குத் தெரியாத தூசி

கல் பட்டறையில் கிரைண்டர் ஓடும்போது எழும் வெள்ளைப் புகை எல்லோர் கண்ணிலும் படும். அது இமையில் படியும், தலைமுடியை நரைக்க வைக்கும், வேட்டி மடிப்பில் தங்கும். ஆனால் நுரையீரலைக் கெடுப்பது பெரும்பாலும் அந்தத் தூசி அல்ல. பெரிய துகள்கள் மூக்கிலும் தொண்டையிலும் சிக்கி, சளியோடு வெளியேறிவிடும். ஏறத்தாழ நான்கு மைக்ரானும் அதற்குக் குறைவும் உள்ள துகள்கள்தான் நுரையீரலின் கடைசிக் காற்றறைகள் வரை போகின்றன. ஒரு தலைமுடியின் தடிமன் இதைப் போலப் பதினைந்து இருபது மடங்கு இருக்கும். மெஷினை நிறுத்தி, வெள்ளைப் புகை அடங்கி, "தூசி போயிடுச்சு" என்று சொல்லி முகத்துணியை அவிழ்க்கும் நேரத்தில் அந்த நுண்தூசி காற்றில் மிதந்துகொண்டுதான் இருக்கும். அது கீழே இறங்க மணிக்கணக்கில் ஆகும்.

எந்தக் கல் என்பதைப் பொறுத்து ஆபத்து மாறும். மணற்கல்லில் குவார்ட்ஸ் பத்தில் ஒன்பது பங்குக்கு மேலும் இருக்கலாம். கிரானைட்டில் பொதுவாக 20 முதல் 40 சதவீதம் வரை இருக்கும். சுண்ணாம்புக்கல்லிலும் சலவைக்கல்லிலும் மிகக் குறைவு. சமையலறை மேடைகளுக்காகக் குவார்ட்ஸ் பொடியைப் பிசினில் குழைத்துச் செய்யும் செயற்கைக் கல்லில் 90 சதவீதத்தைத் தாண்டும். இஸ்ரேலிலும் ஸ்பெயினிலும் ஆஸ்திரேலியாவிலும் இந்தச் செயற்கைக் கல்லை அறுத்த இளைஞர்கள் சில ஆண்டுகளிலேயே கடும் சிலிகோசிஸுக்கு ஆளானார்கள். ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் அதைத் தடைசெய்துவிட்டது.

காற்றறைக்குள் வந்த துகளை மேக்ரோபேஜ் என்ற துப்புரவு அணு விழுங்குகிறது. கிருமியாக இருந்தால் செரித்துவிடும். குவார்ட்ஸைச் செரிக்க முடியாது. புதிதாக உடைந்த குவார்ட்ஸின் மேற்பரப்பு வேதிவினைக்குத் துடிப்பாக இருப்பதால், அது அந்த அணுவின் உள் பைகளைக் கிழித்து அணுவையே சாகடிக்கிறது. துகள் மறுபடி வெளியே வந்து அடுத்த அணுவுக்குள் போகிறது. வேலையை விட்ட பிறகும் இந்தச் சுழற்சி நிற்பதில்லை. ஓயாத அழற்சியால் ஒரு பக்கம் தழும்புத் திசு வளர்ந்து முடிச்சு முடிச்சாகச் சேர்கிறது. அதுதான் சிலிகோசிஸ். இன்னொரு பக்கம், அழற்சியில் பிறக்கும் வினைத்துடிப்புள்ள ஆக்சிஜன் மூலக்கூறுகள் அண்டை அணுக்களின் மரபுப்பொருளைச் சேதப்படுத்துகின்றன. புற்றுநோய்க்கு அங்கே வழி திறக்கிறது. இந்த இரண்டாவது நிகழ்வு முதலாவது இல்லாமல் நடக்குமா என்பதில்தான் அறிவியலும் சட்டமும் இருபது ஆண்டுகளுக்கு மேலாக முட்டிக்கொள்கின்றன.

நீண்ட நினைவுள்ள நாடு

கல்லும் சுரங்கமும் நுரையீரலைத் தின்னும் என்பதை ஜெர்மன் மொழி பேசும் நிலம் மிக முன்பே அறிந்திருந்தது. சாக்சனியின் கெம்னிட்ஸ் நகரில் வாழ்ந்த மருத்துவர் கியோர்கியுஸ் அக்ரிகோலாவின் சுரங்கத் தொழில் பற்றிய பெருநூல் 1556-இல் வெளியானது. கார்ப்பாத்திய மலைச் சுரங்கப் பகுதியில் அடுத்தடுத்து ஏழு கணவர்களைப் பறிகொடுத்த பெண்களைப் பற்றி அதில் எழுதியிருக்கிறார். அத்தனை பேரையும் கொன்றது தூசி. தொழிலாளர்கள் முகத்தில் துணி கட்ட வேண்டும் என்றும் சொன்னார். நானூற்று எழுபது ஆண்டுகள் ஆகப்போகின்றன. நம் பட்டறைகளில் இன்றும் முகத்துணிதான் பாதுகாப்புக் கருவி.

1879-இல் ஹெர்ட்டிங், ஹெஸ்ஸே என்ற இரு மருத்துவர்கள் சாக்சனியின் ஷ்னேபெர்க் சுரங்கத் தொழிலாளர்களை ஆராய்ந்து, அவர்களில் பெரும்பாலோரைக் கொல்வது நுரையீரலில் வளரும் புற்று என்று அறிவித்தார்கள். அதற்கு முக்கியக் காரணம் ரேடான் என்ற கதிரியக்க வாயு என்பது பிறகு தெரிந்தது. ஆனாலும் வேலையிடத்துக் காற்று புற்றுநோயைத் தரும் என்ற உண்மை அங்கேதான் முதலில் ஆவணமானது.

இந்த அறிவைச் சட்டமாக்கியதுதான் ஜெர்மனியின் தனிச்சிறப்பு. 1884-இல் விபத்துக் காப்பீட்டுச் சட்டம் வந்தது. முழுப் பிரீமியத்தையும் முதலாளிகள் கட்ட வேண்டும். தொழில்வாரியாக அமைந்த காப்பீட்டுச் சங்கங்கள் சிகிச்சைக்கும் ஓய்வூதியத்துக்கும் பொறுப்பு. 1925-இல் 11 நோய்கள் கொண்ட முதல் தொழில்நோய்ப் பட்டியல் வெளியானது. ஷ்னேபெர்க் நோய் அதிலேயே இடம்பெற்றது. 1929-இல் கடுமையான சிலிகோசிஸ் பட்டியலில் சேர்ந்தது. எந்தெந்தத் தொழில்களுக்கு அது பொருந்தும் என்று சட்டம் குறித்தபோது, மணற்கல்லை எடுப்பதும் செதுக்குவதும், உலோகச் சாணை, பீங்கான் தொழில், சுரங்கம் ஆகியவற்றைப் பெயர் சொல்லிக் குறித்தது. ஆக, எல்பே மணற்கல்லைச் செதுக்கிய தச்சனின் மூச்சுத்திணறலுக்கு ஏறத்தாழ நூறாண்டுகளாக அங்கே சட்டத்தில் ஒரு பெயர் இருக்கிறது.

இரண்டு மடங்கு விதி

சிலிக்காவுக்கும் புற்றுநோய்க்கும் உள்ள உறவு அவ்வளவு எளிதில் ஏற்கப்படவில்லை. கல்தொழிலாளர்களில் பலர் புகைபிடிப்பவர்கள் என்பது ஒரு சிக்கல். சுரங்கங்களில் ரேடானும் ஆர்செனிக்கும் கலந்திருப்பது இன்னொன்று. உலகச் சுகாதார நிறுவனத்தின் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 1987-இல் படிகச் சிலிக்காவை 'அநேகமாகப் புற்றுநோய் தரும்' என்ற வகையில் வைத்தது. பத்தாண்டு கழித்து, 1997-இல், வேலையிடத்தில் சுவாசிக்கும் குவார்ட்ஸும், படிகச் சிலிக்காவின் இன்னொரு வடிவமான கிறிஸ்டோபலைட்டும் மனிதருக்குப் புற்றுநோய் தருபவை என்று முதல் வகையில் சேர்த்தது. ஜெர்மனியின் வேலையிட நச்சுப்பொருள்களை மதிப்பிடும் அறிவியல் ஆணையம் 1999-இல் அதே முடிவுக்கு வந்தது.

ஒரு பொருள் புற்றுநோய் தரும் என்று அறிவியல் சொல்லிவிடலாம். இந்த மனிதரின் புற்றுநோய்க்கு அந்தப் பொருள்தான் காரணம் என்று காப்பீட்டுச் சங்கம் ஏற்பது வேறு படி. நுரையீரல் புற்றுநோய் எந்தக் காரணத்தால் வந்தது என்று கட்டியைப் பார்த்துச் சொல்ல முடியாது. அதனால் ஜெர்மன் நடைமுறை ஒரு புள்ளிவிவர அளவுகோலைப் பிடித்துக்கொள்கிறது. தூசிக்கு ஆட்பட்டோரிடம் நோய் மற்றவர்களைவிடக் குறைந்தது இரண்டு மடங்காக இருந்தால், அந்தக் குழுவில் நோயுற்ற ஒருவருக்குத் தொழிலே காரணமாக இருக்கும் வாய்ப்பு பாதியை எட்டுகிறது. அதற்குக் கீழே இருந்தால் அந்த வாய்ப்பு பாதிக்கும் குறைவு.

சிலிகோசிஸ் உள்ளவர்கள் இந்த அளவுகோலில் தேறினார்கள். 1995-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வில் அவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் வாய்ப்பு சுமார் 2.2 மடங்கு என்று தெரிந்தது. சிலிகோசிஸ் இல்லாதவர்கள் நிலை வேறு. 1999-இல் குர்ட் உல்மும் அவருடைய குழுவினரும் ஜெர்மனியின் கல், குவாரி, பீங்கான் தொழில்களில் நடத்திய ஆய்வு இங்கே முக்கியமானது. நுரையீரல் புற்றுநோய் வந்த 247 பேரையும் ஒப்பீட்டுக்காக 795 பேரையும் எடுத்துக்கொண்டார்கள். இரு தரப்பிலும் சிலிகோசிஸ் உள்ளவர்களை விலக்கினார்கள். தூசி அளவுக்கும் புற்றுநோய்க்கும் தொடர்பு எதுவும் தெரியவில்லை.

இந்தப் பின்னணியில்தான் 2002-இல் அந்த நிபந்தனை பிறந்தது. தொழிலாளர்களை ஏமாற்ற எழுதிய வரி என்று அதைச் சொல்வது நியாயமாகாது. அன்று கையில் இருந்த சான்றுகளில் மிக உறுதியானதைப் பிடித்துக்கொண்டு எழுதினார்கள். அந்த வரியால் பயன்பெற்ற குடும்பங்களும் உண்டு. முழு இயலாமைக்கு ஆண்டு வருமானத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஓய்வூதியம், செலவில்லாத சிகிச்சை, இறந்தால் துணைவருக்கும் பிள்ளைகளுக்கும் ஓய்வூதியம் ஆகியவை சட்ட உரிமையாகக் கிடைத்தன.

இருபது ஆண்டுகளில் மாறிய சான்று

அதன் பிறகு வந்த ஆய்வுகள் படத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றின. மாற்றம் ஒரே திசையிலும் நடக்கவில்லை. 2009-இல் கொலோன் பல்கலைக்கழகத்தின் தாமஸ் எர்ரன் குழு, சிலிகோசிஸ் இல்லாத தொழிலாளர்கள் பற்றிய 11 ஆய்வுகளைத் தொகுத்தது. புகைப்பழக்கத்தைக் கணக்கில் எடுக்காத எட்டு ஆய்வுகளில் ஆபத்து 1.2 மடங்கு என்று வந்தது. புகைப்பழக்கத்தைக் கணக்கில் எடுத்திருந்த மூன்று ஆய்வுகளை மட்டும் வைத்துப் பார்த்தால் அது 1.0 ஆகச் சுருங்கியது. கேள்விக்கு விடை காணப் பெரிய தரவு வேண்டும் என்பதே அதிலிருந்து கிடைத்த பாடம்.

அந்தப் பெரிய தரவின் ஒரு பகுதி ஜெர்மனியிலேயே இருந்தது. சோவியத் ஒன்றியத்துக்காக 1946 முதல் சாக்சனியிலும் துரிங்கியாவிலும் யுரேனியம் தோண்டிய விஸ்முட் நிறுவனத்தின் தொழிலாளர் பதிவேடுகள், ஜெர்மன் ஒன்றிணைப்புக்குப் பிறகு ஆய்வாளர்கள் கைக்கு வந்தன. ஏறத்தாழ 59,000 ஆண்கள். எந்த ஆண்டு, எந்தச் சுரங்கத்தில், எந்த வேலையில் இருந்தார்கள் என்ற விவரத்தை வைத்து ஒவ்வொருவரும் சுவாசித்த ரேடான், ஆர்செனிக், குவார்ட்ஸ் அளவை மதிப்பிட்டார்கள். ஆரம்ப ஆண்டுகளில் தண்ணீர் இல்லாமல் உலர்ந்த பாறையையே துளையிட்டதால் தூசி மிகக் கடுமையாக இருந்தது. 2003 வரையிலான மரணங்களை வைத்து 2012-இல் வெளியான பகுப்பாய்வில் நுரையீரல் புற்றுநோய் மரணங்கள் மட்டும் மூவாயிரத்தை ஒட்டி இருந்தன. கன மீட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்ற தூசி அளவை வேலை செய்த ஆண்டுகளால் பெருக்கி வரும் மொத்தச் சுமை 10-ஐத் தாண்டிய பிறகு புற்றுநோய் மரணம் தெளிவாக ஏறியது. அதற்குக் கீழே ஏற்றம் தெரியவில்லை. யுரேனியச் சுரங்கத்தில் ரேடானின் பங்கு மிகப் பெரிது என்பதால், குறைந்த தூசிச் சுமையின் விளைவை அங்கே பிரித்தெடுப்பது கடினம் என்பதையும் சேர்த்தே இந்த முடிவைப் படிக்க வேண்டும்.

2020-இல் வந்த சினெர்ஜி திட்ட ஆய்வு இந்த விவாதத்தின் எடையை மாற்றியது. போஹும் நகரின் தொழில் மருத்துவ ஆய்வு நிறுவனமும், லியோனிலுள்ள புற்றுநோய் ஆய்வு முகமையும், நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகமும் சேர்ந்து ஒருங்கிணைத்த திட்டம் இது. ஐரோப்பாவிலும் கனடாவிலும் நடந்த 14 ஆய்வுகளை ஒன்றாக்கி, நுரையீரல் புற்றுநோய் வந்த 16,901 பேரையும் வராத 20,965 பேரையும் ஒப்பிட்டார்கள். ஒவ்வொருவரின் வாழ்நாள் வேலைகளும் புகைப்பழக்கமும் தனித்தனியாகப் பதிவாகியிருந்தன. சிலிக்காச் சுமை கூடக் கூட ஆபத்து கூடியது. மிகக் குறைந்த சுமையுள்ளோருக்கு 1.15 மடங்கு, மிக அதிகச் சுமையுள்ளோருக்கு 1.45 மடங்கு. புகைபிடிப்பவர், நிறுத்தியவர், தொட்டே பார்க்காதவர் ஆகிய மூன்று பிரிவிலும் இந்த ஏற்றம் தெரிந்தது. தூசியும் புகையும் சேர்ந்தால் தனித்தனி ஆபத்துகளைப் பெருக்கி வருவதைவிடவும் அதிகமாயிற்று. நம் கேள்விக்கு முக்கியமான முடிவு இதுதான்: சிலிகோசிஸ் இல்லாதவர்களிடமும் தூசிச் சுமையோடு ஆபத்து ஏறியது.

தழும்பு தெரியாத நுரையீரலிலும் புற்றுநோய் வரக்கூடும் என்பதற்கு இதைவிடப் பெரிய மக்கள்தொகைச் சான்று கிடைப்பது அரிது. தவிர, சிலிகோசிஸ் 'இல்லை' என்று சொல்வதே எக்ஸ்ரேயின் வரம்புக்கு உட்பட்டது. சர்வதேசத் தொழிலாளர் நிறுவனத்தின் எக்ஸ்ரே அளவுகோலில் 1/1 என்ற படியை எட்டினால்தான் ஜெர்மன் நடைமுறையில் சிலிகோசிஸ் நிரூபணம் ஆகிறது. உயிரோடு இருந்தபோது எக்ஸ்ரேயில் எதுவும் தெரியாத தொழிலாளர்களின் நுரையீரலில், இறந்த பின் நடந்த உடற்கூறாய்வில் சிலிகோசிஸ் முடிச்சுகள் இருந்ததைத் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்க ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

நூறு பேரில் முப்பத்தொரு பேர்

1.45 மடங்கு என்பதைச் சற்று நிதானமாக எண்ணிப் பார்க்க வேண்டும். அதிகத் தூசிச் சுமையுள்ள குழுவில் 145 பேருக்குப் புற்றுநோய் வந்தால், தூசி இல்லாமலே 100 பேருக்கு வந்திருக்கும். மீதி 45 பேருக்குத் தூசி இல்லையென்றால் வந்திருக்காது. நூறு நோயாளிகளுக்கு 31 பேர் என்ற கணக்கு. அந்த 31 பேர் யார் என்று எந்தப் பரிசோதனையும் காட்டித் தராது. ஒவ்வொருவரையும் தனியாக எடுத்து 'பாதிக்கு மேல் வாய்ப்பு உண்டா' என்று கேட்டால் விடை எப்போதும் 'இல்லை'. அதனால் அந்த 31 பேரும் விதியின் வெளியே நிற்கிறார்கள். நூற்றுக்கு நூறு பேருக்கும் மறுக்கும் ஒரு விதி, அதில் முப்பத்தொரு பேருக்கு அநீதி இழைக்கிறது என்பது கணக்கிலேயே தெரிகிறது.

இதைத் தீர்க்க வழி கிடையாது என்று சொல்ல முடியாது. அதே ஜெர்மன் பட்டியலில் 4104 என்ற எண்ணில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) தூசியால் வரும் நுரையீரல் புற்றுநோய் இருக்கிறது. அதற்கு மூன்று வாசல்கள். நுரையீரலில் கல்நார்த் தழும்பு இருந்தால் முதல் வாசல். நுரையீரல் உறையில் கல்நார் விட்ட அடையாளம் இருந்தால் இரண்டாவது. இந்த இரண்டும் இல்லாவிட்டாலும், வாழ்நாளில் சுவாசித்த கல்நாரின் மொத்தச் சுமை '25 நார்-ஆண்டுகள்' என்ற அளவை எட்டியிருந்தால் மூன்றாவது வாசல் திறக்கும். 1990-களின் தொடக்கத்தில் சேர்ந்த இந்த மூன்றாவது வாசலில் எக்ஸ்ரேக்கு வேலையில்லை. வேலை வரலாறும் தூசி அளவுப் பதிவும் போதும். தார், கரி போன்றவற்றிலிருந்து வரும் பல்வளைய ஹைட்ரோகார்பன்களுக்கும் 2009-இல் அப்படியொரு சுமை அளவு சட்டமானது.

சிலிக்காவுக்கு மட்டும் இன்றும் ஒரே வாசல். ஜெர்மன் சமூகச் சட்டத் தொகுப்பின் ஏழாம் நூலில், பட்டியலில் இல்லாத நோயையும் புதிய அறிவியல் சான்று இருந்தால் தொழில்நோய் போலவே ஏற்கலாம் என்ற பிரிவு உண்டு. ஆனால் ஒவ்வொரு நோயாளியும் தனித்தனியாக அந்த வழக்கை நடத்திக்கொண்டிருக்க முடியாது. நுரையீரல் புற்றுநோய் கண்டவருக்கு அத்தனை காலம் பெரும்பாலும் இருப்பதில்லை. தொழில்நோய்களைப் பரிந்துரைக்கும் மருத்துவ நிபுணர் குழு சிலிக்காவுக்கும் ஒரு சுமை அளவை வகுக்க வேண்டும். இரண்டு மடங்கு விதியை விடாமல் பிடித்துக்கொண்டாலும், ஆபத்து இரண்டு மடங்கை எட்டும் சுமை எது என்று கணக்கிடத் தேவையான தரவு விஸ்முட்டிலும் சினெர்ஜியிலும் இருக்கிறது.

தடுப்பதில் ஜெர்மனி செய்தது

இழப்பீட்டில் வாசல் குறுகலாக இருந்தாலும், தடுப்பில் ஜெர்மனி வெகுதூரம் போயிருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். முன்பு அங்கே குவார்ட்ஸ் நுண்தூசிக்குக் கன மீட்டருக்கு 0.15 மில்லிகிராம் என்ற வரம்பு இருந்தது. புற்றுநோய் தரும் பொருளுக்குப் 'பாதுகாப்பான அளவு' என்று ஒன்றைக் காட்ட முடியாது என்பதால் அந்த வரம்பைப் பின்னர் கைவிட்டார்கள். இப்போது 0.05 மில்லிகிராம் மதிப்பீட்டு அளவுகோலாக இருக்கிறது. அமெரிக்கா 2016-இல் ஏற்ற வரம்பும் 0.05-தான். ஐரோப்பிய ஒன்றியத்தின் பொது வரம்பு 0.1 மில்லிகிராம். அந்த 0.1-இல் 45 ஆண்டுகள் வேலை செய்தால், நுரையீரல் புற்றுநோயால் இறப்போர் ஆயிரத்துக்கு 11 முதல் 17 பேர் வரை கூடுவார்கள் என்று, பல நாடுகளின் 65,980 தொழிலாளர்களை வைத்து கைல் ஸ்டீன்லாண்ட் குழு 2001-இல் கணக்கிட்டிருந்தது. வரம்புக்குள் இருப்பதும் ஆபத்தில்லாமல் இருப்பதும் ஒன்றாகாது என்பதற்கு இந்த எண்ணே போதும்.

நடைமுறையில் செய்வது எளிய காரியங்கள்தான். ரம்பத்தின் வாயிலேயே தண்ணீர் விழ வேண்டும். கையில் பிடிக்கும் கிரைண்டருக்குத் தூசி உறிஞ்சும் மூடியும் குழாயும் வேண்டும். செதுக்கும் மேடைக்குப் பின்னால் காற்றை இழுக்கும் சுவர் இருக்க வேண்டும். பட்டறைத் தரையைத் துடைப்பத்தால் பெருக்கக் கூடாது. ஈரத்தால் கழுவவோ வடிகட்டியுள்ள கருவியால் உறிஞ்சவோ வேண்டும். தூசி படிந்த உடையை உதறக் கூடாது. இவ்வளவும் செய்த பிறகு மிஞ்சும் தூசிக்குத்தான் முகக்கவசம். இந்த வரிசை முக்கியம். முகக்கவசத்தை முதலில் வைத்து மற்றதை மறப்பது பொறுப்பைத் தொழிலாளியின் மூக்கில் கட்டிவிடுவதாகும்.

கல்லறைக்குப் போகும் நம் கல்

ஜெர்மன் கல்லறைத் தோட்டங்களில் நிற்கும் கற்களில் கணிசமானவை இந்தியக் கிரானைட். தமிழ்நாட்டின் கருங்கல்லும் துறைமுகம் வழியே ஐரோப்பாவுக்குப் போகிறது. குழந்தைத் தொழிலாளர் பிரச்சினையால் ஜெர்மனியில் இந்தக் கற்கள் விவாதத்துக்கு வந்தன. முன்னாள் தொழிலாளர் அமைச்சர் நோர்பர்ட் ப்ளூம் இதற்காகக் குரல் கொடுத்தார். 2005-இல் 'எக்ஸெர்ட்டிஃபிக்ஸ்' என்ற சான்றிதழ் அமைப்பு உருவானது. வடக்கு ரைன்-வெஸ்ட்ஃபாலியா மாநிலம் 2014-இல் தன் அடக்கச் சட்டத்தையே திருத்தி, குழந்தை உழைப்பில் உருவான கல்லறைக் கற்களுக்குத் தடை போட்டது. நல்ல சட்டம். ஆனால் அந்தக் கல்லை அறுத்த பெரியவரின் நுரையீரல் பற்றி அந்த வரி எதுவும் கேட்பதில்லை. 2023 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த ஜெர்மன் விநியோகச் சங்கிலிச் சட்டம் தொழில் பாதுகாப்பையும் கேட்கிறது. அது பெரிய நிறுவனங்களுக்கானது. ஊருக்கு ஊர் இருக்கும் சிறு கல்லறைக்கல் கடைகள் அதன் அளவுக்குள் வருவதில்லை.

நம் பக்கம் திரும்பினால், காகிதத்தில் நிலைமை அவ்வளவு மோசமில்லை. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் அட்டவணை, நுண்தூசி வரம்பை ஒரு சூத்திரமாகத் தந்தது: தூசியிலுள்ள குவார்ட்ஸ் சதவீதத்தோடு 2-ஐக் கூட்டி, 10-ஐ அதனால் வகுக்க வேண்டும். 30 சதவீதம் குவார்ட்ஸ் உள்ள கிரானைட் தூசிக்குக் கன மீட்டருக்கு ஏறத்தாழ 0.31 மில்லிகிராம் வருகிறது. அதில் குவார்ட்ஸ் மட்டும் 0.09 மில்லிகிராம். ஐரோப்பிய வரம்பான 0.1-க்கு நிகர். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. மின்சாரத்தோடு பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் பட்டறை அந்தச் சட்டத்தில் தொழிற்சாலையாகவே கருதப்படவில்லை. 2020-இன் புதிய தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அந்த எண்ணிக்கையை இருபதாக உயர்த்தியது. மாமல்லபுரத்தின் சாலையோரச் சிற்பப் பட்டறையில் நாலைந்து பேர் உட்கார்ந்து சிலைக்கு மெருகேற்றுகிறார்கள். உளியும் சுத்தியும் மட்டும் இருந்த காலத்தைவிட இன்று கிரைண்டர் கிளப்பும் நுண்தூசி பல மடங்கு. அந்தக் காற்றை யாரும் அளப்பதில்லை.

நோய் வந்த பின்னும் பாதை இருட்டுதான். இருமலும் இளைப்புமாக வருபவருக்குக் காசநோய் மாத்திரை தொடங்குகிறது. சிலிகோசிஸ் உள்ளவருக்குக் காசநோய் வரும் வாய்ப்பும் அதிகம் என்பதால் இரண்டும் ஒன்றையொன்று மறைக்கின்றன. 'என்ன வேலை பார்க்கிறீர்கள், எத்தனை வருஷமாக?' என்ற கேள்வி பல புறநோயாளிச் சீட்டுகளில் இடம்பெறுவதே இல்லை. 1923-ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் கல்நாரால் வரும் புற்றுநோய் தனியாக இருந்தது. சிலிக்காவால் வரும் நுரையீரல் புற்றுநோய்க்குத் தனி வரி இல்லை. ராஜஸ்தான் 2019-இல் ஒரு கொள்கை வகுத்து, சிலிகோசிஸ் உறுதியானவருக்கு 3 லட்சம் ரூபாயும் அவர் இறந்தால் குடும்பத்துக்கு மேலும் 2 லட்சமும் ஓய்வூதியமும் தருகிறது. அங்கும் சிலிகோசிஸ்தான் வாசல். புற்றுநோய்க்கு இன்னும் பெயரில்லை. ஆனாலும் ஒரு மாநில அரசு முன்வந்தால் செய்ய முடியும் என்பதை அது காட்டியிருக்கிறது.

செய்ய வேண்டியவை

ஜெர்மனியின் அனுபவத்தில் நமக்கு முதன்மையான பாடம் ஒன்று உண்டு. அங்கே கல்நார் நோயாளிக்கு மூன்றாவது வாசலைத் திறந்தது அளவுப் பதிவு. விஸ்முட் தொழிலாளர்களின் மரணத்துக்குக் காரணம் தெரிந்ததும் யார் எந்த ஆண்டில் எங்கே வேலை பார்த்தார் என்ற பழைய ஏடுகளால்தான். இருபது முப்பது ஆண்டு கழித்து நோய் வந்தபின் எதையும் நிரூபிக்க வேண்டுமென்றால், இன்று எழுதிவைத்த ஏடு வேண்டும்.

தமிழ்நாட்டில் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் இருக்கிறது. கல்தொழிலாளிக்கு வாரியம் தரும் அட்டையில், எந்தக் கல், என்ன கருவி, எத்தனை ஆண்டு, தண்ணீர் உண்டா இல்லையா என்ற நான்கு விவரங்களைச் சேர்க்கப் பெரும் செலவு ஆகாது. மாமல்லபுரத்திலும் கிருஷ்ணகிரியிலும் மேலூரிலும் ஆண்டுக்கு ஒருமுறை பட்டறைக் காற்றை அளந்து பதிவுசெய்ய அரசு மருத்துவக் கல்லூரிகளால் முடியும். மருத்துவர்கள் நெஞ்சு எக்ஸ்ரேயைப் பார்க்கும் முன் தொழிலைக் கேட்க வேண்டும். சிலை வாங்குபவரும் வீட்டுக்குக் கிரானைட் போடுபவரும் கல் ஈரத்தில் அறுபட்டதா என்று கேட்கலாம். அந்தக் கேள்வி பத்துப் பேரிடமிருந்து வந்தால் பட்டறைக்காரர் ஒரு தண்ணீர்க் குழாயைப் போட்டுவிடுவார்.

ஜெர்மனி சிலிக்காவுக்கு இரண்டாவது வாசலைத் திறக்க வேண்டும். அதற்கான சான்று 2020 முதல் மேசைமேல் இருக்கிறது. நம்மிடம் திறக்க வேண்டியது முதல் வாசல். நம் கல்தச்சரின் நுரையீரலில் எவ்வளவு தூசி போயிருக்கிறது என்று கேட்டால் பதில் சொல்லக்கூடிய ஓர் ஏடு இன்று தமிழ்நாட்டில் எந்தப் பட்டறையிலும் இல்லை. அதை எழுதத் தொடங்குவோம்.